பாரிமுனையில் கொள்முதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் சிறிய ஃபேன்சி ஸ்டோர் ஒன்றை நடத்தி வருவதால், மாதம் இரண்டு முறையாவது பாரிமுனைக்குப் போய்ச் சரக்கு எடுப்பது என் வழக்கம். இதை அறிந்த உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும், வீட்டில் கல்யாணம் வந்தாலும் புதிதாகக் கடை போட நினைத்தாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேருக்குப் பத்து முறை விளக்கிக் களைத்துவிட்டதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

பாரிஸ், பிராட்வே, சௌகார்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்கிறார்களே, எல்லாம் ஒரே இடம்தானா?

ஏறக்குறைய ஒரே இடம்தான். ஜார்ஜ் டவுன் என்பது முழுப் பகுதிக்கும் உரிய பெயர். வெள்ளையர் காலத்தில் கறுப்பர் நகரம் என்று வழங்கிய இதற்கு, 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைச் சூட்டினார்கள். இதன் கிழக்குப் பாதி முத்தியால்பேட்டை, மேற்குப் பாதி பெத்தநாயக்கன்பேட்டை. இரண்டுக்கும் நடுவே ஓடுவது பிராட்வே. கிழக்கே மண்ணடி, தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு ஆகியவை வரும். மேற்கே தங்கசாலைத் தெருவைச் சுற்றி மார்வாடி, குஜராத்தி வணிகர்கள் நிறைந்த பகுதி சௌகார்பேட்டை. பாரிஸ் என்று நாம் சொல்வது பாரிஸ் கார்னர், அதாவது பாரிமுனை. 1788-இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் நிறுவனம் அந்த முனையில் இருப்பதால் வந்த பெயர் அது. பிரான்ஸ் நாட்டுத் தலைநகருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். காரை எங்கே நிறுத்துவது என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். இரு சக்கர வாகனத்தை எப்படியாவது ஒரு சந்தில் நுழைத்துவிடலாம். ஆனால் திரும்பி வரும்போது அதன் முன்னால் நான்கு மூட்டைகளும் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றும் நிற்கும். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ ரயில் வந்த பிறகு பயணம் மிகவும் எளிதாகிவிட்டது. உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. மண்ணடி நிலையத்தில் இறங்கினால் கிழக்குத் தெருக்கள். தாம்பரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு மின்சார ரயிலில் கோட்டை அல்லது கடற்கரை நிலையம் வசதிப்படும். பிராட்வே பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் இருப்பதால், பேருந்தில் வருபவர்கள் தங்கள் பேருந்து எங்கே நிற்கிறது என்று கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

எந்த நாள், எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை பத்தரை மணிக்குப் போய் இறங்குவது என் வழக்கம். மொத்த வியாபாரக் கடைகள் பத்து மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்கும். கூட்டி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பூப்போட்டு ஊதுபத்தி ஏற்றி முடிய மேலும் கால் மணி நேரம் ஆகும். போணி ஆகாத நேரத்தில் போய் விலை விசாரித்துவிட்டு வாங்காமல் திரும்பினால் முகம் சுளிப்பார்கள் என்பதால், முதல் ஆளாகப் போய் நிற்பதை நான் தவிர்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் போகலாம். புரட்டாசியில் சென்ன கேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதி திருக்குடை ஊர்வலம் புறப்பட்டு யானைக்கவுனியைத் தாண்டிப் போகும் நாளில் தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது. சாமி பார்க்க வருபவர்களுக்கு அது திருநாள். சரக்கு எடுக்க வருபவர்களுக்குக் கூலி ஆள் கிடைக்காத நாள்.

எந்தத் தெருவில் எது கிடைக்கும்?

இங்கே கடையைத் தேடிப் போகக் கூடாது, தெருவைத் தேடிப் போக வேண்டும். ஒரு தெருவுக்கு ஒரு தொழில் என்பது இந்தப் பகுதியின் பழைய ஒழுங்கு. துணி மொத்தமாக எடுக்க கொடவுன் தெரு; அங்கே சட்டைத் துணியும் லைனிங் துணியும் தான் தானாக, அதாவது முழுச் சுருள்களாக, அடுக்கியிருக்கும். காகிதம், டைரி, கல்யாணப் பத்திரிகை அட்டைக்கு ஆண்டர்சன் தெரு. நாட்டு மருந்துச் சரக்குக்கு ராசப்ப செட்டித் தெரு. கந்தகோட்டத்து முருகன் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. மருந்து மொத்த விற்பனை, ஆய்வகச் சாமான், ரசாயனத்துக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. கைப்பை, பொம்மை, பிளாஸ்டிக் சாமான், ரிட்டர்ன் கிஃப்ட் என்று நாங்கள் ஃபேன்சி கடைக்காரர்கள் எடுப்பதெல்லாம் நாராயண முதலித் தெருவிலும் அதன் கிளைச் சந்துகளிலும். செல்போன் உறை, சீனத்து அலங்காரப் பொருள்களுக்குக் காசி செட்டித் தெரு. சமையல் பாத்திரம், ஓட்டல் சாமானுக்கு ஈவினிங் பஜார். போல்ட், நட்டு, வால்வு, கருவிகளுக்குக் கிழக்கே லிங்கிச் செட்டித் தெருவும் செம்புதாஸ் தெருவும். நகைக்குப் போஸ் சாலையும் தங்கசாலைத் தெருவும்.

இந்த ஒழுங்கை முழுதாக நம்பியும் விடக் கூடாது. ரத்தன் பஜார் என்ற பெயர், ஆங்கிலத்தில் ரட்டன் எனப்படும் பிரம்பில் செய்த சாமான் விற்ற காலத்தில் வந்தது; இன்று பிரம்பைத் தேடி அங்கே போவதில் பயனில்லை. கொத்தவால் சாவடி என்றதும் காய்கறி நினைவுக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மொத்தக் காய்கறிச் சந்தை 1996-இலேயே கோயம்பேட்டுக்குப் போய்விட்டது.

செல்போன் வரைபடத்தில் இருக்கும் தெருப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்குமே தெரியவில்லையே?

ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருப்பதுதான் காரணம். வரைபடத்தில் மின்ட் ஸ்ட்ரீட் என்று இருப்பது பலகையில் தங்கசாலைத் தெரு. கோரல் மெர்ச்சன்ட் ஸ்ட்ரீட் என்றால் பவளக்காரத் தெரு. பிராட்வேயின் அதிகாரப்பூர்வப் பெயர் பிரகாசம் சாலை. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு கணம் யோசிப்பார். இவற்றில் எனக்குப் பிடித்தது ஆர்மீனியன் ஸ்ட்ரீட். ஆர்மீனியர்கள் வாழ்ந்து, 1772-இல் தேவாலயமும் கட்டிய அந்தத் தெருவின் பெயர், வாய்வழியே புரண்டு தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று நிலைத்துவிட்டது. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது.

ஆகவே, கடை முகவரியை வாங்கும்போதே அருகில் எந்தக் கோயில், எந்த வங்கி, எந்த முனை என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வழி கேட்பதென்றால் கடைக்காரரைவிட மூட்டை தூக்குபவரைக் கேட்பது மேல். எந்தக் கதவு எந்தக் கிடங்குக்குப் போகிறது என்பது வரை அவருக்குத் தெரியும்.

எனக்கு ஒன்றிரண்டுதான் வேண்டும். கொடுப்பார்களா?

சிலர் கொடுப்பார்கள், பலர் கொடுக்க மாட்டார்கள். 'பாக்கெட்டை உடைக்க மாட்டோம்' என்பதே இங்கே அதிகம் கேட்கும் வாக்கியம். வளையல் என்றால் பெட்டி, பேனா என்றால் டஜன், பட்டன் என்றால் குரோஸ், அதாவது பன்னிரண்டு டஜன். துணி என்றால் ஒரு தான். இது திமிர் அல்ல. ஒரு பாக்கெட்டில் இரண்டை எடுத்துவிட்டால், மீதிப் பத்தை எண்ணி வாங்கிப் போக எந்தக் கடைக்காரரும் வர மாட்டார். அது அவரிடமே தங்கிவிடும்.

ஒன்றிரண்டு வேண்டியவர்கள் மொத்தக் கடைக்குள் ஏறாமல், அதே தெருவில் நடைபாதையிலும் கடை வாசல் படியிலும் விற்பவர்களிடம் வாங்கலாம். பெரும்பாலும் அதே சரக்குதான் அவர்களிடமும் இருக்கும். விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். பாக்கெட்டை உடைத்த கூலி என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் உண்மையிலேயே விலை குறைவுதானா, இல்லை வெறும் பேச்சா?

மேலே சொன்ன அளவில் வாங்கினால் குறைவு. இல்லாவிட்டால் வெறும் பேச்சு. கல்யாணத்துக்கு இருநூறு பேருக்குக் குங்குமச் சிமிழ் வாங்கப் போகிறவருக்குப் போக வரச் செலவும், கூலியும், ஒரு நாள் உழைப்பும் கழித்த பிறகும் கையில் பணம் மிஞ்சும். மகளின் பிறந்த நாளுக்குப் பதினைந்து பென்சில் பெட்டி வாங்கப் போகிறவருக்கு மிஞ்சுவது கால்வலி மட்டுமே; அவர் தன் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரனாக இருந்துகொண்டு நான் இதைச் சொல்வதில் கொஞ்சம் சுயநலம் உண்டு என்றாலும், கணக்கு அதுதான்.

தரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே வடிவத்தில் மூன்று விலைக்குப் பொருள் வைத்திருப்பார்கள். விலை குறைந்ததைத்தான் முதலில் காட்டுவார்கள். ஏனென்றால் புதிதாக வருபவர் விலையைத்தான் கேட்பார், கனத்தைக் கேட்க மாட்டார். எவர்சில்வர் டப்பாவைக் கையில் எடுத்து மூடியை ஒரு முறை திருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பேரம் பேசினால் எவ்வளவு குறைப்பார்கள்?

பாதி விலைக்குக் கேட்கும் வித்தை நடைபாதையில் செல்லும், மொத்தக் கடையில் செல்லாது. அங்கே லாபம் பொருளுக்குச் சில ரூபாய்கள்தான். ஆகவே விலையைக் கேட்டதும் 'குறையுங்கள்' என்பதைவிட, 'ஐந்து டஜன் எடுத்தால் என்ன ரேட், பத்து எடுத்தால் என்ன ரேட்' என்று கேட்பதே முறை. கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார்; கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டி, பக்கத்தில் நிற்பவர் பார்க்காதபடி உள்ளங்கையை மறைத்து நம் பக்கம் திருப்பிக் காட்டுவார். பக்கத்தில் நிற்பவருக்கு வேறு எண்.

இரண்டாவது முறை போகும்போது கிடைக்கும் விலைதான் உண்மையான விலை. மூன்றாவது முறைக்கு டீயும் வரும்.

சரியாகப் பதிலே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நம்மைப் பார்த்தால் பிடிக்கவில்லையா?

பிடிப்பது, பிடிக்காதது எதுவும் இல்லை. ஒரே நேரத்தில் கடைக்காரர் இரண்டு போன்களில் இரண்டு ஊர் ஆர்டரைக் கேட்டுக்கொண்டு, பையனை மாடிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, வந்த சரக்கை எண்ணிக்கொண்டும் இருப்பார். அந்த வேளையில் 'என்ன என்ன மாடல் இருக்கிறது, எல்லாம் காட்டுங்கள்' என்று கேட்டால் காது கேட்காதவர்போல் இருந்துவிடுவார். வேண்டியதன் பெயர், அளவு, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டினால் அவர் பார்வையே மாறும். தமிழும் தெலுங்கும் இந்தியும் உருதும் குஜராத்தியும் கலந்து பேசும் இடம் என்பதால், எழுதிய பட்டியலுடன் ஒரு மாதிரிப் பொருளையோ படத்தையோ கொண்டுபோவது பேச்சை மிச்சப்படுத்தும்.

பில் கேட்டால் விலையை ஏற்றுகிறார்கள். பில் இல்லாமல் வாங்கலாமா?

'பில் போட்டால் ஒரு ரேட், போடாவிட்டால் ஒரு ரேட்' என்பது இங்கே காதில் விழாத நாள் இல்லை. சட்டப்படி, ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடைக்காரர் 200 ரூபாய்க்கும் அதற்கு மேலும் விற்றால் பில் தந்தாக வேண்டும். அதற்குக் குறைவான தொகைக்கும், வாங்குபவர் கேட்டால் தர வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லிப் பில் வாங்கினால், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியும் என்பதால், பில் இல்லாத சரக்கு மலிவு என்பது பார்வைக்கு மட்டுமே. விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருக்கும் சிறு வணிகர் தரும் பில்லில் வரியைத் தனியாகக் காட்டி வசூலிக்கக் கூடாது. காட்டியிருந்தால் கேள்வி கேட்கலாம்.

தொழில் தொடங்கிய புதிதில் நானும் வெறும் துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பன்னிரண்டு டஜன் ஹேர் கிளிப் என்று எழுதிய பெட்டியை வீட்டில் பிரித்து எண்ணியபோது ஒன்பது டஜன்தான் இருந்தது. மறுநாள் போய்ச் சீட்டை நீட்டினால், அதில் கடையின் பெயரே இல்லை என்பதை அந்தக் கடைக்காரரே எனக்குச் சுட்டிக்காட்டினார்.

வாங்கியது சரியில்லை என்றால் மாற்றித் தருவார்களா?

பணம் திரும்ப வராது. பொருளுக்குப் பொருள் மாற்றுவார்கள், அதுவும் பில் இருந்தால், ஒரு வாரத்துக்குள் போனால், தெரிந்த முகமாக இருந்தால். கண்ணாடி, பீங்கான், மின் விளக்கு ஆகியவற்றைக் கடையிலேயே பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வெட்டிய துணி திரும்பாது.

அங்கே தங்கம் வாங்கினால் சேதாரம் குறைவு என்கிறார்களே, நம்பலாமா?

சேதாரமும் செய்கூலியும் கடைக்குக் கடை மாறும் என்பதால் நான்கு இடத்தில் விசாரிப்பது தவறில்லை. ஆனால் முத்திரையில் சமரசம் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல், விற்கப்படும் தங்க நகையில் ஹெச்யுஐடி எண், அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண், இருந்தாக வேண்டும். பிஐஎஸ் எனப்படும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், 22 காரட் என்றால் 916 என்ற தர அளவு, அந்த எண் ஆகிய மூன்றையும் கண்ணாடி வைத்துப் பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் எண்ணை இட்டுச் சரிபார்க்கலாம். இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு விலக்கு உண்டு. பில்லைப் பற்றி மேலே சொன்னது தங்கத்துக்குப் பத்து மடங்கு பொருந்தும்.

பர்மா பஜாரில் கிடைப்பது ஒரிஜினலா?

பர்மாவிலிருந்து வெளியேறி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்த கடைவரிசை அது. வெளிநாட்டுப் பொருள் இந்தியாவில் எளிதாகக் கிடைக்காத காலத்தில் வாசனைத் திரவியத்துக்கும் டேப் ரெக்கார்டருக்கும் ஊரே அங்கே போனது. இன்று அந்த அருமை இல்லை. உத்தரவாத அட்டையும் பில்லும் கிடைக்கிற பொருளை வாங்கலாம். கிடைக்காததை, உடைந்தால் வருந்தாத விலைக்கு மட்டும் வாங்கலாம்.

பத்து மூட்டைச் சரக்கை ஊருக்கு எப்படி அனுப்புவது?

நீங்கள் தூக்க வேண்டியதில்லை. வாங்கிய ஒவ்வொரு கடையிலும் 'பேக்கிங் போட்டு வையுங்கள்' என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம். பேக்கிங் ஆள் அட்டைப்பெட்டியைக் கோணிப்பையால் சுற்றி, கோணி ஊசியில் சணலைக் கோத்து, ஓரத்தைப் பெரிய பெரிய தையலாகத் தைத்துக்கொண்டே வருவார். முடிந்ததும் மூட்டையைப் புரட்டிப் போட்டு, மையில் தோய்த்த குச்சியால் பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் எழுதுவார். அந்த எழுத்தைப் பக்கத்தில் நின்று சரிபார்க்க வேண்டும். திருப்பத்தூர் இரண்டு இருக்கிறது. மாவட்டத்தையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்.

பிறகு மீன்பாடி வண்டிக்காரரோ கைவண்டிக்காரரோ எல்லாக் கடை மூட்டைகளையும் சேர்த்து லாரி புக்கிங் ஆபீசில் போட்டுவிடுவார். வால்டாக்ஸ் சாலைப் பக்கம் இந்த ஆபீஸ்கள் நிறைய உண்டு. கூலியை மூட்டைக்கு இவ்வளவு என்று ஏற்றுவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். மாடியிலிருந்து இறக்குவதற்குத் தனிக்கூலி கேட்டால் அது நியாயம்தான், ஏனென்றால் அந்த மரப்படிகளில் வெறுங்கையோடு இறங்குவதே சிரமம். புக்கிங் ஆபீசில் தரும் எல்ஆர் எனப்படும் லாரி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அது இல்லாமல் ஊரில் சரக்கை எடுக்க முடியாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்குக்கு, அதைக் கொண்டுசெல்ல ஜிஎஸ்டி இணையதளத்தில் எடுக்கும் இ-வே பில் வேண்டும். பில்லே இல்லாத சரக்குக்கு இ-வே பில் எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளவும்.

பெண்கள் தனியாகப் போகலாமா? பணம் பத்திரமாக இருக்குமா?

என் மனைவி தனியாகத்தான் போய் வருகிறார். அவருக்குக் கிடைக்கும் ரேட் எனக்குக் கிடைப்பதில்லை. பகலில் பயமில்லை. கூட்ட நாளில் கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்வதும், செல்போனைச் சட்டைப்பையில் வைக்காமல் இருப்பதும் போதும். உண்மையான சிரமம் கழிப்பறை. கடைத் தெருக்களுக்குள் நல்லது கிடைப்பது அரிது என்பதால், மெட்ரோ நிலையத்திலேயே போய்விட்டு வருவது உத்தமம். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகக் கூடாது. உட்கார இடமே கிடையாது.

நடுவில் எங்கே சாப்பிடுவது?

தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்தால் ஜிலேபி, கச்சோரி, பாதாம் பால், முறுக்கு சாண்ட்விச். கிழக்கே கடற்கரை இரண்டாவது வரிசைத் தெருவில் மாலையில் பர்மாக்காரர்களின் அத்தோ கடைகள். நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து கொடுத்து, கூடவே வாழைத்தண்டு சூப்பும் ஊற்றுவார்கள். வயிறு கெட்டால் என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இதுவரை கெட்டதில்லை.

இவ்வளவு வியாபாரம் நடக்கிற இடம் ஏன் இப்படிப் பாழடைந்து கிடக்கிறது?

மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள்தான் இங்கே கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாறியிருக்கின்றன. ஒரே கட்டடத்துக்குப் பல பங்காளிகளும் பழைய வாடகைக்காரர்களும் இருந்தால், பழுதுபார்க்கும் செலவை யாரும் ஏற்க மாட்டார்கள். காரை உதிரும், அரசமரம் முளைக்கும், மின்கம்பிகள் தலைக்கு மேல் பந்தல் போடும். ஐப்பசி மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

வேறு இடத்துக்குப் போகலாமே என்றும் கேட்கிறார்கள். காய்கறிச் சந்தை முழுதாகப் போனதால் பிழைத்தது. ஒரு தெரு மட்டும் போனால் பிழைக்காது. கொடவுன் தெருவில் துணி எடுப்பவருக்குப் பட்டனும் நூலும் பேக்கிங் ஆளும் புக்கிங் ஆபீசும் நடக்கும் தூரத்தில் வேண்டும்.

போன வருடம் வாங்கிய கடையைத் தேடிப் போனால் காணவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் கடை மூடப்பட்டிருக்காது. கட்டடம் இடிந்ததாலோ வாடகை ஏறியதாலோ அதே தெருவில் எதிர்ப்புறத்துக்கோ மாடிக்கோ போயிருக்கும். பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யலாம். பில் வாங்காதவர்கள் மேலே போய் அந்தப் பதிலை மறுபடி படிக்கவும். எனக்கு வளையல் பெட்டி கொடுத்து வந்த கடை ஒரு முறை இப்படிக் காணாமல் போனது. பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் தெரியாது என்று சொல்லிவிட்டு, தங்களிடமும் வளையல் இருப்பதாகச் சொன்னார்கள். வாசலில் உட்கார்ந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன். அவர் தலை நிமிராமல், ஊசி பிடித்த கையாலேயே எதிர்ச் சந்தின் மரப்படியைக் காட்டி, இரண்டாவது மாடி என்றார்.